ஈயச்சொம்பு வழக்கில் நான் பணிவதாக இல்லை

கொல்கத்தா,
செவ்வாய்க்கிழமை

மகா கனம் பொருந்திய மைத்துனர் வெங்கடநாராயணன் அவர்களுக்கு சிவராமகிருஷ்ணன் அநேக நமஸ்காரம். இங்கு நான் க்ஷேமம். உங்கள் தங்கை சுப்புலக்ஷ்மி, சாந்த்ராகாச்சியில் எங்கள் பெண் வித்யாலக்ஷ்மி வீட்டில் க்ஷேமம் என்று கேள்வி. திருச்சியில் உங்கள் அகத்தில் அனைவரும் சௌக்கியமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

நேற்று ஃபோனில், "மாப்பிள்ளை, ஆத்துக்காரிக்கு யாராவது வக்கீல் நோட்டீஸ் விடுவாளா? உடனே போய் மன்னிப்புக் கேட்டு அழைச்சுண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். என் தரப்பைச் சொல்ல ஒரு நிமிஷம் தரவில்லை. கோர்ட்டே எனக்கு இருபது நிமிஷம் தந்தது.

என் அத்தை வத்சலா போன வருஷம் உயில் எழுதாமல் காலமானது உங்களுக்குத் தெரியும். வாரிசுகள் நானும், அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா பிள்ளை சந்தீப்பும்தான். அத்தையின் சொத்தை நிர்வகிக்க அலிப்பூர் கோர்ட் என்னை அட்மினிஸ்ட்ரேட்டராக நியமித்தது. ஆடிட் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவன் நான், பெயருக்கு ஒரு பதவி வகிக்கத் தெரியாது. அத்தையின் பொருள் யார் கையில் இருந்தாலும் மீட்க வேண்டும், சந்தேகம் வந்தால் கோர்ட்டிடமே வழி கேட்க வேண்டும் என்று வக்கீல் முகர்ஜி சொன்னார். பட்டியல் எடுத்தேன். பீரோ இருந்தது, கட்டில் இருந்தது, கும்பகோணத்து ஈயச்சொம்பை மட்டும் காணோம். இரண்டு நாள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது அகப்பட்டது. என் தட்டுக்கு எதிரே, தக்காளி ரசத்தோடு.

"ஆஸ்பத்திரிக்குப் போறச்சே அத்தை என் கையிலேதான் குடுத்துட்டுப் போனா. பதினோரு மாசமா இதிலேதானே ரசம் சாப்பிடறேள்?" என்றாள் சுப்பு.

"சாட்சி உண்டா?" என்றேன். சட்டப்படி அது சரியான கேள்வி. அன்றைக்கு எனக்கு மோர் வரவில்லை.

மனைவி என்று விட்டால் நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீஸ் விட்டேன். தபால்காரர் அனுப்புநர், பெறுநர் இரண்டு விலாசத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "தாதா, ஏகி பாடி?" என்றார். ஒரே வீடுதான், அதனால் என்ன? சுப்பு கையெழுத்துப் போட்டு வாங்கினாள், கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே படித்தாள், சொம்பைத் தேய்த்துத் துடைத்து மேஜைமேல் வைத்தாள், பெட்டியை எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்கு ஹவுரா பஸ் ஏறிவிட்டாள். திட்டியிருந்தாலாவது... சரி, அதை விடுங்கள்.

சொம்பு வந்துவிட்டதே, தொலையட்டும் என்றார் வக்கீல். அப்படியானால் பதினோரு மாச உபயோகம்? அதற்காக அவள்மேல் வழக்குப் போடலாமா என்று வழிகாட்டுதல் கேட்டு மனுப் போட்டேன். ஜட்ஜ் முழுவதும் படித்துவிட்டு, அந்த ரசத்தை யார் சாப்பிட்டது என்று கேட்டார். "பெரும்பாலும் நான்தான், யுவர் ஆனர்" என்றேன். டவாலி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். வழக்கால் சொத்துக்கு நன்மை உண்டா என்று அட்மினிஸ்ட்ரேட்டர் முதலில் யோசிக்க வேண்டும், சமாதானமாகப் பேசிப் பார்த்துவிட்டு அடுத்த மாதம் வாருங்கள், அதுவரை சொம்பு உங்கள் பொறுப்பில் பத்திரமாக இருக்கட்டும் என்றார்.

வக்கீல் இதைத் தோல்வி என்கிறார். என்ன தோல்வி? சொம்பு யார் பொறுப்பில் இருக்கிறது? சந்தீப்புக்கு விவரமாக எழுதினேன், ஈயச்சொம்பு என்றால் என்ன என்று கேட்டுப் பதில் போட்டிருக்கிறான். தெரியாவிட்டால் போகட்டும், உரிமை உரிமைதான்! ஒன்பது நாளாய் எதிர்வீட்டு போஸ் பௌதி, நம்மூர் பாஷையில் மன்னி, கொடுக்கிற தித்திப்புப் பருப்பைத்தான் சாப்பிடறேன், செத்தா போய்ட்டேன்? வீடு வெறிச்னு கிடக்கு, கிடக்கட்டும். அவளாக வந்தால் கதவு திறந்திருக்கும். நானாகப் போய் நிற்கமாட்டேன். நீங்கள் மட்டுமல்ல, திருச்சியே திரண்டு வந்து சொன்னாலும் மாட்டேன்.

குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் முழங்கால் வலி சீக்கிரம் குணமாகட்டும்.

இப்படிக்கு,
யாருக்கும் பணியாத,
சிவராமகிருஷ்ணன்
அட்மினிஸ்ட்ரேட்டர், காலஞ்சென்ற வத்சலாவின் சொத்து

பி.கு.: கவரை ஒட்டும் முன், நாமே ரசம் வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. சொம்பு நன்றாகச் சூடேறட்டும் என்று காலியாக அடுப்பில் வைத்துவிட்டுப் புளி கரைக்கப் போனேன். உள்ளே தண்ணீர் விட்ட பிறகுதான் ஈயத்தை அடுப்பில் ஏற்ற வேண்டுமாமே? கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் எனக்கு அது தெரியவேண்டிய அவசியமே வரவில்லை. திரும்பி வந்தால் சொம்பு இல்லை, பர்னரைச் சுற்றி உருகி ஓடிக் கிடந்தது. பொறுப்பில் இருந்த பொருளை அழித்தவன்மேல் சொத்தின் சார்பில் வழக்குப் போட வேண்டியது அட்மினிஸ்ட்ரேட்டர்தானாம். என்மேல் நானே போடலாமா என்று கோர்ட்டிடம் வழிகாட்டுதல் கேட்கலாம் என்கிறார் வக்கீல். எனக்கு இப்போது வேண்டியது உங்கள் வழிகாட்டுதல்தான். தபாலுக்கு நேரமில்லை, இதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறேன். நாளைக் காலை முதல் லோக்கலில் சாந்த்ராகாச்சி போகிறேன். அவளிடம் முதலில் எதைச் சொல்ல, மன்னிப்பையா, சொம்பையா? உடனே ஃபோன் பண்ணுங்கள். இந்தத் தடவை நீங்கள் மட்டும் பேசினால் போதும்.