அதாவது தரகரின் குடை

கம்பம் பள்ளத்தாக்கில் பொய்யே பேசாத மனிதர் ஒருவர் இருந்தார் என்றால், அவர் நிச்சயமாக எங்கள் ஊர் வீட்டுத் தரகர் அல்ல. ஆனால் அவருடைய பொய்யால் கெட்ட குடும்பம் ஒன்றையும் நான் கண்டதில்லை.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. யார் எதைச் சொன்னாலும் ‘அதாவது’ என்று ஆரம்பித்து வேறொன்றாக மாற்றிச் சொல்வதால் ஊரே அவரை ‘அதாவது’ என்றது. பொத்தான் இல்லாத கறுப்புக் கோட்டு. கையில் மாட்டு வண்டிக்கே கூரையாகப் போடக்கூடிய ஒரு குடை. மழைக்கும் வெயிலுக்கும் அதை அவர் விரித்து நான் பார்த்ததில்லை. விலை பேசும்போது மட்டும் விரிப்பார். வாங்குகிறவரும் விற்கிறவரும் முகம் பார்த்தால் காரியம் கெடும் என்பது அவர் கட்சி.

ஒரு வருஷம் எங்கள் வீட்டின் பின்சுவர் மழையில் விழுந்துவிட்டது. அக்கா தலைப்பிரசவத்துக்கு ஆடியில் வர வேண்டும். ஆனி, ஆடியில் புதுவீடு புக மாட்டார்கள். ஆகவே வைகாசி முடிவதற்குள் வேறு வீடு கிடைத்தாக வேண்டும். தெருக்கோடியில் ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வந்தது. பெரியப்பாவின் வீடு. அவர் குமுளியில் கடை வைத்திருக்கும் மகனோடு போய் இருக்கப் போகிறார். சிக்கல் ஒன்றே ஒன்று: பெரியப்பாவின் வயல் மடையை யாரோ உடைத்துத் தண்ணீரைத் திருப்பிய நாளிலிருந்து அப்பாவும் அவரும் பேசுவதில்லை.

“தரகரை வைப்போமா?” என்றார் அப்பா.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். “எதுக்குப்பா? வீடும் தெரிஞ்ச வீடு, ஆளும் நம்ம ஆளு. நேரப் போய்க் கேளுங்க” என்றேன்.

அப்பா நேரே போனார். போய், பெரியப்பா வாசலில் கட்டியிருந்த பசுவிடம் கேட்டார்: “வீடு விலைக்குன்னு சொன்னாக. நெசமா?”

பெரியப்பாவும் பசுவைப் பார்த்தே பதில் சொன்னார்: “விலைக்குத்தான். அடுத்தவன் தண்ணியக் களவாண்டவனுக்கு இல்ல!”

பசுவுக்கு ‘அதாவது’ போடத் தெரியவில்லை. அப்பா திரும்பி வந்தார். அம்மா விழுந்த சுவரைப் பார்த்தபடி, “எம்புள்ளைய எங்கன படுக்க வைக்கிறது?” என்றாள். நானே போய்த் தரகரை அழைத்து வந்தேன்.

பெரியப்பா வீட்டு வாசலில், ஆளுக்கொரு பக்கம் இருவரையும் உட்கார வைத்து, தரகர் நடுவில் அமர்ந்து குடையை விரித்தார். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் தெளிவாகவே விழும். ஆனாலும் தரகர் வாயிலிருந்து வந்ததுதான் பேச்சு, மற்றது கணக்கில் சேராது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

“கூரையில ஓட்டையத் தவிர என்ன இருக்குன்னு கேளுங்க” என்றார் அப்பா.

“அதாவது, வீட்டுல நல்லா வெளிச்சம் வருதுன்னு சந்தோசப்படுறாக.”

“மடைய ஒடைச்சவன் கையில எஞ்சாவியக் குடுக்க மனசு வரலன்னு சொல்லுங்க” என்றார் பெரியப்பா.

“அதாவது, சாவி துருப்பிடிச்சுக் கெடக்கு, எண்ணெய் போட்டுத் தாரேங்காக.”

இப்படியே விலை படிந்தது. கூட வந்து நின்ற அம்மா முகத்தில் களை வந்தது. அப்போது பெரியப்பா சொன்னார்: “கடைசியா ஒண்ணு. மடைய ஒடைச்சது நாந்தான்னு அவன் ஒரு வார்த்தை சொல்லணும். இல்லாட்டி வீடு இல்ல.”

“உசுரு போனாலும் சொல்ல மாட்டேன்” என்றார் அப்பா.

“அதாவது...” என்று தொடங்கிய தரகர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். குடையை நடுவில் வைத்துவிட்டு, “தொண்டை வறண்டு போச்சு” என்று கிணற்றுப் பக்கம் போனார்.

வைகாசியில் மலையிலிருந்து இறங்கும் எங்கள் ஊர்க் காற்றை அவர் கணக்கில் வைத்தாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. குடை எழும்பியது. தள்ளாடி உருண்டு, வேலியைத் தாண்டி வயலுக்குள் பறந்தது.

“அண்ணே, அங்கன பிடிண்ணே!” என்று கத்திக்கொண்டு அப்பா ஓடினார்.

“ஏலே, நீ வரப்போரமா மறிலே!” என்று பெரியப்பாவும் ஓடினார்.

குடை, தண்ணீர் திறந்துவிடாத வாய்க்காலில் போய்ச் சிக்கியது. சண்டைக்குக் காரணமான தண்ணீர் அதில் ஒரு சொட்டுக்கூட இல்லை. இருவரும் இறங்கி, ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் தூக்கினார்கள்.

“ரெண்டு கம்பி ஒடிஞ்சிருச்சு” என்றார் பெரியப்பா.

அப்பா குடையையே பார்த்துக்கொண்டு, “மடையையும் நாந்தாண்ணே ஒடைச்சேன்” என்றார்.

“தெரியும்லே. மக என்னைக்கு வாரா?”

தரகர் கிணற்றடியிலிருந்து நிதானமாக வந்து குடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அதாவது, குடை விலை தரகுல சேராது” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

அக்காவின் மகன் அந்த வீட்டில்தான் பிறந்தான். அதாவது தரகர் போன பங்குனியில் காலமானார். பெரியப்பா குமுளியிலிருந்து வரும்போதெல்லாம் அப்பாவும் அவரும் வாசலில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுகிறார்கள். நடுவில் மட்டும் ஓர் ஆள் உட்காரும் இடத்தை இன்றைக்கும் விட்டே உட்காருகிறார்கள்.