நடக்கிற மீனும் செப்புக் குடமும்

என் கணவர் கணேசலிங்கம் ஒரு முடிவு எடுத்தால் முதலில் துவட்டுகிற துவாயைத் தோளில் போடுவார். டிசம்பர் விடுமுறை தொடங்கிய வெள்ளிக்கிழமை, துவாயும் தோளுமாக, எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்த கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

தொட்டிக்குள் இருந்தது லாமிங்டன். மகள் மயூரியின் ஒன்றாம் வகுப்பு வளர்க்கிற, ஆக்சலாட்டில் என்கிற நீர்ப்பிராணி. ஆஸ்திரேலியாவில் அதை மெக்சிகோவின் நடக்கும் மீன் என்பார்கள். அது மீனும் இல்லை, நடப்பதில் பெரிய ஆர்வமும் இல்லை. வெளிர் ரோஜா நிறம், நாலு குட்டிக் கால், கழுத்தைச் சுற்றி இறகு செருகிய மாதிரிச் செவுள், கண்ணை மூடத் தெரியாத ஒரு சிரித்த முகம். எங்கள் கல்யாண அல்பத்தில் என் கணவர் அச்சு அசலாக அப்படித்தான் இருப்பார்.

வகுப்பில் சீட்டுக் குலுக்கியதில், விடுமுறை முடியும்வரை ஆறு கிழமைக்கு அது எங்கள் வீட்டுக்கு விழுந்தது.

"இனி இவன் என்ர பொறுப்பு" என்றார். "நீர் பயந்தாங்கொள்ளி. கிட்ட வரவேண்டாம்."

பயந்தாங்கொள்ளி என்பது உண்மைதான். சிட்னியின் ஹோம்புஷுக்கு வந்த ஐந்து வருடத்தில் நான் பயப்படாத சாமான் இல்லை. கடுகு தாளித்தால் கத்துகிற புகை அலாரத்துக்குப் பயம். லிஃப்டுக்குப் பயம். எல்லாவற்றையும் விட மயூரியின் ஆசிரியை மிஸிஸ் டொனலிக்குப் பயம். லாமிங்டன் செத்தால் இருபத்திரண்டு பிள்ளைகள் அழும். அதில் ஒன்று என்னுடையது. செய்தியை ஆசிரியைக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியவளும் நான்.

ஆகவே ஆசிரியை கொடுத்துவிட்ட இரண்டு பக்கத் தாளை மூன்று தரம் வாசித்தேன். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவர்களுக்கு இது ஒரு வியாதி. பேனையைத் தொட முதல் அறிவுறுத்தலை முழுக்க வாசிக்க வேண்டும் என்று சிஸ்டர் பிலோமினா அடிமட்டத்தால் சொல்லித் தந்தது இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. தண்ணீர் இருபது பாகைக்கு மேல் சூடாகக் கூடாது. குழாய்த் தண்ணீரின் குளோரீன் செவுளை எரித்துவிடும்; மருந்துத் துளி விட்டு முறித்த பிறகுதான் ஊற்றலாம். கிழமைக்கு ஒரு தரம் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு: உலோகப் பாத்திரம் வேண்டாம், செம்பு தவறியும் வேண்டாம், செம்பு அதற்கு நஞ்சு.

கணவர் தாளை வாங்கினார். நாலாக மடித்தார். ஆடுகிற மேசைக் காலுக்குக் கீழே செருகினார். பிறகு போய், கதவு மூலையில் இருந்த செப்புக் குடத்தைத் தூக்கி வந்தார். அவருடைய ஒன்றுவிட்ட அக்கா கொழும்பிலிருந்து கப்பலில் அனுப்பிய குடம். அதுவரை நாங்கள் அதற்குள் குடை வைத்திருந்தோம். குடைகளை வெளியே தள்ளிவிட்டு, பழப்புளி போட்டுத் தேய்த்து, முகம் தெரியத் துலக்கினார்.

"என்னப்பா, செம்பு கூடாது எண்டு போட்டிருக்கு."

"ஆர் போட்டது?"

"டீச்சர்."

"டீச்சர் செப்புக் குடத்தை எங்க கண்டவ? ஒரு இரவு செம்புக்குள்ள இருந்தா எந்தத் தண்ணியும் தீர்த்தம். ரெண்டாயிரம் வருசமா எங்கட ஆக்கள் குடிக்கினம்."

"ஆக்கள் குடிக்கலாம். இதுக்குக் கூடாதாம்."

"உமக்குத் தண்ணியைக் கண்டாலும் பயம்."

மேலும் வாதாடியிருக்கலாம். ஆனால் வாதத்தில் தோற்றால் அவர் மூன்று நாள் சாப்பிடமாட்டார். நாலாம் நாள் மூன்று நாளுக்கும் சேர்த்துச் சாப்பிடுவார். இரண்டையும் தாங்க என்னால் முடியாது.

நடைமுறை இப்படி அமைந்தது. வெள்ளி மாலை குடம் நிரம்பும். சனி காலை அதை வெள்ளை வாளியில் ஊற்றுவார். தீர்த்தத்தைக் குளிக்காமல் தொட்டிக்குள் விடலாமா? குளிக்கப் போவார். குளிக்கும்போது ஒரு பதிகம் முழுக்கப் பாடுவார். சுருதி எந்தப் பக்கம் போனாலும் நீளம் மாறாது: பதினைந்து நிமிடம். சலவை மெஷினுக்குப் பின்னால், அதே வெள்ளையில், மருந்துத் துளி விட்ட என்னுடைய வாளி ஒளிந்திருக்கும். மயூரி குளியலறைக் கதவில் காதை வைத்து, "கடைசிப் பாட்டு, அம்மா" என்று குரல் கொடுப்பதற்குள் வாளிகள் இடம் மாறிவிடும்.

மிச்சம் பன்னிரண்டு லீற்றர் செப்புத் தண்ணீர். அந்த வருடம் மழை இல்லை. சிட்னியில் கார் கழுவக்கூடக் கட்டுப்பாடு. கொட்ட எனக்குப் பயம். அவருடைய தேத்தண்ணிக் கேத்திலுக்குள் கொஞ்சம் விட்டேன். மிச்சத்தைப் போத்தல்களில் அடைத்து பிரிட்ஜில் அவருடைய தட்டில் வைத்தேன். நானும் மயூரியும் குழாயில் குடித்தோம். ஆக்கள் குடிக்கலாம் என்று அவரே சொன்னவர்தானே.

இரண்டாம் கிழமை அவர் முகத்தைச் சுளித்தார்.

"தேத்தண்ணி என்ன, காசை நக்கின மாதிரி?"

"தேயிலை மாத்தினனான்."

"தேயிலை இல்லையப்பா. இந்த நாட்டுக் குழாய்த் தண்ணி. இதைக் குடிச்சுத்தான் நாங்கள் சாகிறம்." தொட்டியைப் பொறாமையோடு பார்த்தார். "லாமிங்டன் குடுத்து வைச்சவன்."

ஜனவரி நடுவில் வெயில் நாற்பதைத் தாண்டியது. எங்கள் மூன்றாம் மாடி இட்லிச் சட்டி மாதிரி ஆனது. லாமிங்டன் புழுவைத் தொடவில்லை. செவுள் முன்பக்கம் சுருண்டு, தொட்டியின் மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. மயூரி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அழுதாள். நான் பிரிட்ஜின் ஐஸ் தட்டிலிருந்து அவருடைய பாரை மீனை வெளியே எடுத்துவிட்டு, அதற்குப் பின்னால் மூடியோடு உறைய வைத்திருந்த இரண்டு குழாய்த் தண்ணீர்ப் போத்தல்களைத் தொட்டியில் மிதக்கவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அவர் லிட்கம் மயானத்திலிருந்து, ஒரு நண்பரின் மாமனாரை எரித்துவிட்டு வந்தார். நிலைமையைப் பார்த்தார். துவாய் தோளுக்குப் போனது. முந்தின நாள் நிரப்பி வைத்த குடத்தை வாளியில் கவிழ்த்தார். குளிக்கவில்லை. பதிகம் இல்லை. வாளியைத் தூக்கியே விட்டார்.

பயத்தில் என் வாய் தானாகவே பேசியது.

"செத்த வீட்டால வந்த உடுப்போட தீர்த்தமோ?"

அவர் அப்படியே நின்றார். வாளியைப் பூப்போல இறக்கி வைத்தார். குளியலறைக் கதவு சாத்தியது.

அன்றைக்கு இரட்டைப் பதிகம்.

மாலைக்குள் செவுள் நிமிர்ந்தது. லாமிங்டன் ஒரு புழுவை விழுங்கியது. "பாத்தீரோ?" என்றார் என் கணவர். அடுத்த ஞாயிறு கோயிலில் எட்டுப் பேருக்குச் செம்பின் மகிமை சொன்னார்.

பள்ளி தொடங்கிய நாள் லீவு போட்டுக்கொண்டு அவரும் வந்தார். மிஸிஸ் டொனலி தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, இவ்வளவு நல்ல தண்ணீரில் லாமிங்டனை யாரும் திருப்பித் தந்ததில்லை என்றார். என் கணவர் தொண்டையைச் செருமினார். ஆறு கிழமையும் செப்புக் குடத்துத் தண்ணீர் மட்டுமே ஊற்றியதாக, ரெண்டாயிரம் வருடத்தையும் சேர்த்து, ஆங்கிலத்தில் விளக்கினார். ஆசிரியையின் முகம் லாமிங்டனின் நிறத்துக்கு வந்து, பிறகு அதையும் இழந்தது.

"செம்பா?" என்றார்.

நான் நிலத்தைப் பார்த்தேன். மயூரி கையை உயர்த்தினாள். பள்ளியில் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள்.

"பயப்படாதீங்க மிஸ்" என்றாள் ஆங்கிலத்தில், வகுப்பு முழுக்கக் கேட்க. "அம்மா அதை லாமிங்டனுக்குக் குடுக்கவே இல்லை. எல்லாத்தையும் அப்பாதான் குடிச்சவர்."

மிஸிஸ் டொனலி குனிந்து லாமிங்டனைப் பார்த்தார். நிமிர்ந்து என் கணவரைப் பார்த்தார். இரண்டு பேரும் கண் இமைக்கவில்லை.

"நல்லது" என்றார். "இரண்டு பேரையுமே நன்றாகப் பராமரித்திருக்கிறீர்கள், மிஸிஸ் கணேசலிங்கம்."