சைலன்சர் மாட்டிவிட்டுப் பெண் பார்க்கப் போனேன்

கைபேசியில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று எழுந்திருக்கிற ஆளை யாராலும் திரும்ப உட்கார வைக்க முடியாது. நான் அப்படி எழுந்தது, பெண் பார்க்கப் போகிற நாள் காலையில்.

சங்கரன்கோவிலில் அப்போது என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. (வாங்கும்போதே பழையது.) சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்ததால், வண்டியைக் கிளப்பினால் தெருவே எட்டிப் பார்க்கும். புது சைலன்சர் வாங்கிவிட்டேன். மாட்டித் தருகிறேன் என்ற மெக்கானிக் அண்ணாச்சியோ, திருவேங்கடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

"ஏலே, பேசாம பஸ்ஸுல போயிருவோம்," என்றாள் அம்மா.

"பொண்ணு பாக்க பஸ்ஸுலயா? மாப்பிள்ளைகிட்ட கார் இருக்குன்னு தரகர் சொல்லி வச்சிருக்காரும்மா!"

காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டை கொடுத்து, அடியில் படுத்தேன். வீடியோவில் போல்ட்டுகள் வெண்ணெய் மாதிரி கழன்று வந்தன. என் காரின் போல்ட்டுகள் அந்த வீடியோவைப் பார்த்ததில்லை. கண்ணிலும் வாயிலும் துரு கொட்டியபின் எனக்கு வீரம் வந்து, ஆக்சா பிளேடால் குழாயையே அறுத்தேன். அறுத்தது ஒரு சாண் அதிகம். குழாய்க்கும் புது சைலன்சருக்கும் நடுவே வெறும் காற்று. அந்த இடத்தில் தகரத்தைச் சுற்றி, கட்டுக்கம்பியால் முறுக்கி, வண்டியைக் கிளப்பினேன். சத்தமே இல்லை!

"பாத்தியாம்மா?"

"பாக்கேன், பாக்கேன். மொதல்ல மூஞ்சியக் கழுவுலே."

வாசுதேவநல்லூர் வரை ராஜாவாகத்தான் போனேன். பெண் வீட்டுத் தெருமுனையில் ஒரு வேகத்தடை. ஏறி இறங்கியதும் சைலன்சர் ரோட்டில் கிடந்தது. கார் போட்ட கூச்சலில் கட்டியிருந்த ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. பதறிப்போய் இறங்கி, சைலன்சரை இரண்டு கைகளாலும் அள்ளித் தூக்கினேன். (அவ்வளவு தூரம் ஓடிய சைலன்சர் சுடும் என்று வீடியோவில் சொல்லவில்லை.)

வாசலில் நின்ற பெண்ணின் அப்பா, "வாங்க, வாங்க! டிராக்டர்ல வாராவளோன்னு நெனச்சிட்டோம்," என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே நினைத்திருந்தார்.

பெண் காபி கொண்டுவந்தாள். கையை நீட்ட முடியவில்லை. தட்டு என் முன்னால் நின்றுகொண்டே இருந்தது. மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை என்று கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அவள் அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

"அவன் கூச்சப்படுதான்," என்று அம்மா சமாளித்தாள்.

பெண் என் உள்ளங்கைகளைப் பார்த்துவிட்டாள். "யப்பா, இவ்வ கையச் சுட்டுக்கிட்டாவ!" என்று உள்ளே ஓடி, ஒரு வாளித் தண்ணீரோடு வந்தாள். ஆக, பெண் பார்க்கும் வைபவம் முழுவதும் என் இரண்டு கைகளும் வாளிக்குள் இருந்தன. காபியை அம்மா ஊட்டிவிட்டாள்.

அவளைத்தான் கட்டிக்கொண்டேன். இப்போது எங்கள் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டில் நாலு பேர் கூடிவிட்டால் போதும், "நீ ஏம்மா அப்பாவக் கட்டிக்கிட்ட?" என்று ஆரம்பித்துவிடுவாள்.

"என்ன செய்யட்டி? உங்கப்பா சத்தம் வெளிய கேட்டது அன்னைக்கு ஒரு நாளுதான். அத நம்பிட்டேன்," என்பாள் என் மனைவி.

எல்லோரும் சிரிப்பார்கள். நான் மட்டும் கடுமையாக மறுத்துப் பேசுவேன். மனதுக்குள்தான்.