டி.சி. மட்டும் கேட்டுடாதே

"எம் பொண்ணோட டி.சி.ய எனக்கு மெயில்ல அனுப்புங்க. இன்னிக்கே."

கேட்டாயிற்று. இந்த ஒன்றை மட்டும் எந்தக் காலத்திலும் கேட்டுவிடாதே என்று கணவன் அன்பரசு படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். மஸ்கட்டில் மகள் மகிழினி படிக்கும் இன்டர்நேஷனல் ஸ்கூலில் டி.சி. என்று வாயைத் திறந்தாலே சீட் போய்விடுமாம். வெயிட்டிங் லிஸ்ட்டில் நூற்றிருபது பிள்ளைகளாம். அதில் நாற்பது வெள்ளைக்காரப் பிள்ளைகளாம். வாசலில் நின்று எண்ணிப் பார்த்தவன் மாதிரி சொன்னான்.

சிந்துஜா கடலூர் மஞ்சக்குப்பத்தில், அம்மா வீட்டு மாடிப்படியில் நின்றிருந்தாள். சிக்னல் அங்கேதான் கிடைக்கும்.

எதிர்முனையில் பள்ளி அலுவலகத்து ஷைனி, தமிழ் தெரிந்த மலையாளி, கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்தாள்.

"மேடம், அது பிரைமரி காண்டாக்ட் கேட்டாத்தான் பேச முடியும்."

"நான் அவ அம்மா."

"தெரியும் மேடம். ஆனா சிஸ்டத்துல நீங்க செகண்டரி காண்டாக்ட்."

"பத்து மாசம் சுமந்தது யாருன்னு ஒங்க சிஸ்டத்துல இருக்கா?"

"அதுக்குக் கட்டம் இல்ல மேடம்." ஷைனி குரலைத் தாழ்த்தினாள். "சாரோட பேசுங்க. ப்ளீஸ்."

ஐந்து நிமிடத்தில் அன்பரசுவே கூப்பிட்டான், வாட்ஸ்அப்பில். முன்பெல்லாம் அந்த ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் பேச முடியாது, வேறு ஏதோ ஆப்தான் வேண்டும். கேட்டதற்கு, "இப்ப விட்டுட்டாங்க" என்றிருந்தான்.

"டி.சி. கேட்டியா?"

"அதுக்குள்ள ஷைனி சொல்லிட்டாளா?"

"ஏண்டி, அத்தனை தடவை சொன்னேனே!"

"ஜூன்ல லீவுக்கு வந்தோம். ஆகஸ்ட்டுல டிக்கெட்டுன்னீங்க. அப்பறம் விசா ரெனிவல்னீங்க. இப்ப செப்டம்பர். புள்ள வீட்ல ஒக்காந்து கார்ட்டூன் பாக்குது. நான் என்னதான் பண்றது மாமா?"

"சிதம்பரத்துல அந்த மெட்ரிக் ஸ்கூலப் பாக்கச் சொன்னேன்ல? சும்மா போய் ஆபீஸ்ல பேசு. அவுங்களே சொல்லுவாங்க."

"என்ன சொல்லுவாங்க?"

"எல்லாம் சொல்லுவாங்க."

"கடலூர்ல இல்லாத ஸ்கூலா? எதுக்கு அவ்ளோ தூரம்?"

"நல்ல ஸ்கூல், சிந்து. போய்ப் பாரேன்."

மறுநாள் மகளோடு பஸ் ஏறினாள். ஜன்னலுக்கு வெளியே உப்பளமும் சவுக்கும் ஓடின. மகிழினி கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, "மம்மி, இங்க எல்லாரும் ஏன் கத்திக் கத்திப் பேசறாங்க? சண்டையா?" என்றாள்.

"இல்லடா. பாசம்."

தங்கள் வம்சத்தில் சிந்துஜாதான் முதல் பட்டதாரி. அப்பா சின்னையன் அந்தச் சான்றிதழை லேமினேட் செய்து சாமி படங்களுக்கு நடுவில் மாட்டியிருந்தார். கல்யாணமாகி மகிழினி பிறந்த பிறகு குரூப் ஃபோர் எழுதி, புவனகிரி தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளர் வேலையும் கிடைத்தது. எட்டு மாதம் பார்த்தாள். அதற்குள் மஸ்கட். அங்கே வேலைக்குப் போயிருந்த அன்பரசு கூப்பிட்டபோது போகமாட்டேன் என்றுதான் நின்றாள். அன்பரசு அந்த ஸ்கூலின் விளம்பரப் புத்தகத்தை அனுப்பினான். அட்டைப் படத்தில் இருபது நாட்டுப் பிள்ளைகள் புல்தரையில் உட்கார்ந்து சிரித்தன. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் ராஜினாமா எழுதினாள்.

மஸ்கட்டில் இறங்கிய அன்றே அவனிடம் சொல்லிவிட்டாள்: "அந்த ஸ்கூலுக்காகத்தான் வேலைய விட்டுட்டு வந்துருக்கேன். அது போச்சுன்னா நீங்க என் கண்ணு முன்னால வரக்கூடாது." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

அந்தப் பள்ளியில் அவளுக்குக் கிடைத்தது வேறு. காபி மீட்டிங் என்று கூப்பிடுவார்கள். மற்ற அம்மாக்கள் பேசுவார்கள், இவள் காபி குடிப்பாள். ஒருமுறை மகளே காதோடு வந்து, "மம்மி, நீ கொஸ்டின் கேக்காத, ஓகே?" என்றாள். நாடுகள் தினத்துக்குச் சொந்த ஊர்ப் பலகாரம் கொண்டுவரச் சொன்னார்கள். விடிய எழுந்து முறுக்கு சுட்டுக் கொடுத்தாள். டப்பாவின்மேல் 'ஒவ்வாமை எச்சரிக்கை' என்று சிவப்புச் சீட்டு ஒட்டி மூலையில் வைத்தார்களாம். சாயங்காலம் மகிழினி, "எல்லாம் ஃபினிஷ் மம்மி" என்றாள். நான்கு நாள் கழித்துப் பைக்கு அடியில் அத்தனை முறுக்கும் நமுத்துக் கிடந்தது. தாயும் மகளும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

சிதம்பரம் பள்ளியில் தலைமையாசிரியர் சுப்பிரமணியன் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

"டி.சி.?"

"இல்ல சார். தற்காலிகமா மூணு மாசம் ஒக்கார வைங்க போதும்."

"இது என்ன டிக்கெட் எடுக்காம பஸ்ல நிக்கிறதாம்மா? ரேங்க் கார்டாவது இருக்கா?"

சிந்துஜா பதினான்கு பக்க வண்ண அறிக்கையை நீட்டினாள். அவர் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் வந்தார்.

"மார்க் எங்க?"

"அங்க மார்க் போடமாட்டாங்க சார்."

"ரேங்க்?"

"அதுவும்."

"அப்ப புள்ள படிக்குதா இல்லியான்னு யாருக்குத் தெரியும்?" ஒரு வரியில் விரலை வைத்தார். "இது என்னம்மா, துணிஞ்சு ரிஸ்க் எடுக்கிறாள்னு போட்டுருக்கு? இங்க ரிஸ்க் எடுக்கிற புள்ளைங்களுக்கெல்லாம் டி.சி. குடுத்துத்தாம்மா அனுப்புவோம்."

"அப்பவாவது ஒரு டி.சி. கெடைக்குமே சார்."

அவர் சிரிக்கவில்லை. "சிபாரிசு எதாவது இருக்கா? லேட்டா வந்த அப்ளிகேஷன் எல்லாம் எங்க கிளார்க் சவரியம்மா பீரோவுலதான் இருக்கும். அந்தம்மா வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருக்கு, சாவியோட. நீங்க பாஸ்போர்ட் ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க, பாப்போம்."

ஜெராக்ஸ் கடை பள்ளிக்கு நேர் எதிரில் இருந்தது. சின்னத் தெரு, நாலு எட்டு வைத்தால் கடை. சிந்துஜா பாதித் தெருவில் இருக்கும்போதே ஷட்டர் கடகடவென்று முக்கால்வாசி இறங்கிவிட்டது.

"அண்ணே! ஒரே ஒரு காப்பி!"

உள்ளே இருந்து மூக்கை அடைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு குரல்: "கரண்ட் இல்ல!"

பக்கத்து டீக்கடையில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் பிழைக்கத் தெரிந்தவன் எவனும் இல்லை என்று திட்டிவிட்டு, அரை கிலோமீட்டர் நடந்து வேறு கடையில் எடுத்து வந்தாள். அதற்குள் தலைமையாசிரியர் சாப்பிடப் போயிருந்தார்.

அன்று சாயங்காலம் வீடியோ காலில் அன்பரசு வெள்ளைச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தான். இரண்டு மாதமாக அதே சுவர்.

"ஸ்கூல்ல ஒண்ணும் சொல்லலியா?" என்றான், ஏதோ பரீட்சை முடிவு கேட்பவன் போல.

"டி.சி. இல்லன்னா வெளிய போன்னு சொன்னாங்க."

"வேற ஒண்ணுமே சொல்லலியா? ஆபீஸ்ல ஒரு அம்மா..." சட்டென்று நிறுத்தினான். அதே நொடியில் அவன் முகம் இருண்டது.

"என்ன மாமா, மஸ்கட்டுல கரண்ட் போவுது?"

"ஏ.சி. லோடு ஜாஸ்தி" என்றது இருட்டு.

கூடத்திலிருந்து அம்மா புஷ்பவள்ளி குரல் கொடுத்தாள்: "என்னடி, மாப்ள ஊர்லயும் நம்ம ஈ.பி.காரன்தானா?"

சிந்துஜா காதில் வாங்கவில்லை. டி.சி.க்குப் பதிலாக ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் நடக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலை கோர்ட் வாசலில் வக்கீல் தமிழ்மணியைப் பிடித்தாள். "டி.சி. இல்லாத கேஸ்தான? ரெடிமேடா இருக்கும்மா" என்று கம்ப்யூட்டரில் பெயரை மட்டும் மாற்றி, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். பஸ் புறப்படும் அவசரத்தில் சிந்துஜா படிக்காமல் பையில் வைத்தாள். தாலுகா ஆபீசில் எட்டு மாதம் வந்த அத்தனை மனுவையும் வரி வரியாகப் படித்தவள், தன் சொந்தப் பத்திரத்தைப் படிக்கவில்லை.

தலைமையாசிரியர் உரக்கப் படித்தார்.

"மேற்படி என் மகள் இதுநாள்வரை எந்தப் பள்ளியிலும் பயிலவில்லை என்று உறுதியளிக்கிறேன்."

"சார், அது..."

"நோட்டரி சீல் இருக்கும்மா. இதுக்கு மேல நான் என்ன சொல்றது? ஒரு நாளும் ஸ்கூலுக்கே போகாத புள்ளைய ஒண்ணாங்கிளாஸ்லதான் போட முடியும்."

"சார், அவளுக்கு ஒம்போது வயசு!"

"டெஸ்ட் வேணா வச்சுப் பாக்கறேன்."

வைத்தார். 'பசுவின் பயன்கள் யாவை?' என்று ஆங்கிலத்தில் கேள்வி. மகிழினி அரை மணி நேரம் எழுதினாள். பேப்பர் முழுக்க, மஸ்கட் பள்ளியில் பழக்கியபடி, குமிழி குமிழியாகப் படம். கடைசியில் ஒரு வரி: பசுவிடம் யாராவது கேட்டீர்களா?

சுப்பிரமணியன் பேப்பரைக் கவிழ்த்து வைத்தார்.

"ஒண்ணாங்கிளாஸே ஜாஸ்திம்மா."

சிந்துஜாவுக்குக் காது மடல் கொதித்தது. "சார், டி.சி. இல்லாம எந்த ஸ்கூல்லயும் சேக்கவே முடியாதா?"

"கவர்ன்மெண்ட் ஸ்கூல்ல சேத்துக்குவாங்க. வயச வச்சே கிளாஸ் போடுவாங்க." ஏதோ வியாதியின் பேரைச் சொல்வதுபோலச் சொன்னார். "ஆனா நீங்க ஃபாரின்ல இருந்து வந்தவங்க. புள்ளைய அங்க போயி..."

"நான் அங்கதான் சார் படிச்சேன்."

வெளியே வந்தபோது பெஞ்சில் மகளைக் காணவில்லை. மணி அடித்துவிட்டிருந்தது. மகிழினி வேப்பமரத்தடியில், ஒன்றாம் வகுப்புப் பொடிசுகளுக்கு நடுவில், ஒட்டகச்சிவிங்கி போல நின்றிருந்தாள். பாட்டி புஷ்பவள்ளி கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பா அவள் கையில் இருந்தது. ஏழெட்டுக் கைகள் டப்பாவுக்குள்.

"ஏய், எனக்கு இன்னோண்ணு! அக்கா, அவன் ரெண்டு எடுத்துட்டான்!"

"வெயிட், வெயிட்! லைன்ல வாங்க!" மகிழினி கத்தினாள். கத்திக் கத்தித்தான். அம்மாவைப் பார்த்ததும் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். "மம்மி! எல்லாம் ஃபினிஷ்! நெஜமாவே ஃபினிஷ்!"

சிந்துஜா சேலைத் தலைப்பால் மகளின் வாயைத் துடைத்தாள். அப்படியே தன் கண்ணையும்.

இருபது நாட்டுப் பிள்ளைகளின் சிரிப்புக்கு ஒரு ராஜினாமா. நான்கு வருடமாக ஒரு கேள்வியும் கேட்காமல் குடித்த காபி. யார் கேட்டார்கள் இதையெல்லாம்? மகிழினியிடம் யாராவது கேட்டார்களா?

மறுபடி அறைக்குள் போய், பத்திரத்தையும் பதினான்கு பக்க அறிக்கையையும் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"என்னம்மா முடிவு?"

"கடலூர்ல நான் படிச்ச ஸ்கூல்லயே சேக்கறேன் சார். பசுவப் பத்தி அங்க கேட்டுக்கட்டும்."

பள்ளி வாசற்படியில் நின்றே அன்பரசுவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாள். "மாமா, நான் திரும்பி வரல. புள்ளைய இங்க சேக்கறேன். நான் மறுபடி பரீட்சை எழுதறேன். நீங்க அங்கயே சம்பாரிச்சிட்டு இருங்க, வருசத்துக்கு ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க. அந்த ஸ்கூலும் வேணாம், வெயிட்டிங் லிஸ்ட்டும் வேணாம். பேச ஒண்ணும் இல்ல. முடிவு பண்ணிட்டேன்."

அனுப்பினாள். எதிர் ஜெராக்ஸ் கடையின் முக்கால்வாசி இறங்கிய ஷட்டருக்குள் ஏதோ ஒரு போன் 'டிங்' என்றது. இந்தக் காலத்தில் எல்லோர் போனிலும் அதே சத்தம்தான்.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டி நடந்தாள். எதிரே காவிச் சேலையும் மொட்டைத் தலையுமாக ஒரு அம்மாள், இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க, ஓட்டமும் நடையுமாக வந்தாள். மகிழினியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"போட்டோவுல பாத்த அதே மூஞ்சி! மஸ்கட் மகிழினிதான?"

"நீங்க?"

"நான்தான் கிளார்க் சவரியம்மா. வேளாங்கண்ணிலேர்ந்து நேரா வர்றேன்."

"சீட் வேணாம்மா. டி.சி. இல்லன்னாங்க. முடிவு பண்ணிட்டேன், கெளம்பறோம்."

சிந்துஜா நாலு எட்டு வைத்துவிட்டாள். பின்னாலிருந்து சவரியம்மாளின் குரல் தெருவுக்கே கேட்டது.

"டி.சி. ஆடி மாசத்துலேர்ந்து என் பீரோவுலதாம்மா இருக்கு! மஸ்கட்டுல வேலை போயி வந்த கையோட ஒங்க வீட்டுக்காரர்தான் குடுத்துட்டுப் போனாரு. நீங்க கண்ணு முன்னால வரக்கூடாதுன்னு சொல்லிட்டீங்களாமே, அதான் பாவம், தெனம் அந்த ஜெராக்ஸ் கடை ஷட்டருக்குப் பின்னாலயே நிக்கிறாரு!"