பதினெட்டு இஞ்சு காக்காவும் மாப்பிள்ளை ஊர்வலமும்

பெருமதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

மண்டபம் முதல் வாலிநோக்கம் வரை நீளும் எங்கள் கடற்கரையில், ஒரு காரின் சக்கரத்தைப் பற்றி இவ்வளவு சிந்தித்த மனிதர் முன்னும் இருந்ததில்லை, இனியும் பிறக்கப்போவதில்லை. இது மிகையன்று. பெற்ற மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வேலையை ஒரே மாதத்தில் முடித்தவர், காருக்குச் சக்கரம் பார்க்க ஓராண்டு எடுத்துக்கொண்டார் என்றால், மற்றதைத் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பெரியபட்டினத்தில் என் வீட்டுக்கு எதிர்வீடு அவருடையது. அங்கே இசுலாமியக் குடும்பங்களில் அண்ணனைக் ‘காக்கா’ என்று அழைப்பது வழக்கம். அவருக்கு அழகிய அரபுப் பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கடைக்கு வெளியே அது பயன்பட்டு நான் கண்டதில்லை. ஊருக்கு அவர் ‘பதினெட்டு இஞ்சு காக்கா’. அவரினும் மூத்தவனாகிய நானும் அவரைக் காக்கா என்றே அழைத்தேன். அவர் என்னை அண்ணே என்று அழைத்தார். ஆகவே நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் மூத்தவர்களாகவே வாழ்ந்துவருகிறோம்.

அவர் வளைகுடா நாட்டில் ஒரு செல்வந்தர் வீட்டில் ஓட்டுநராக இருந்தவர். ஓட்டுநர் என்ற சொல்லுக்கு அங்கே பொருள் வேறு. முதலாளியின் ஸ்போர்ட்ஸ் கார்களைத் துடைத்து, ஷெட்டிலிருந்து வாசல் வரை ஓட்டிவந்து, சாவியை நீட்டிவிட்டு விலகி நிற்பதே அவருடைய வேலை. மகள் ரிஸ்வானா குழந்தையாயிருந்தபோது தொலைபேசியில், “வாப்பா, அந்தக் கார்ல என்னைய ஏத்துவீங்களா?” என்று கேட்டாளாம். “அது நம்ம காரு இல்லம்மா” என்று இவர் சொன்னாராம். இந்த உரையாடலை அவர் என்னிடம் சொல்லாத மாதம் கிடையாது.

ஊருக்குத் திரும்பியதும் சென்னையில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவந்தார். மஞ்சள் நிறம். இரண்டே கதவுகள். பின்னால் ஓர் இருக்கையும் இருந்தது. அதில் அமர்வதற்கு மனிதர்கள் கால்களைக் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும். தெருவுக்குள் அது நுழைந்தபோது, கூடையை இறக்கிவைத்துவிட்டு மீன்காரி முனியம்மாள் கேட்ட முதற்கேள்வி இன்றும் என் செவியில் ஒலிக்கிறது.

“என்ன காக்கா, எல்லாக் காரும் நின்னுகிட்டு வரும். ஒங்க காரு உக்காந்துகிட்டே வருது?”

காக்கா இதனால் மனம் தளரவில்லை. அவருடைய மனக்குறை வேறு. காரோடு வந்த சக்கரங்கள் அவர் கண்ணுக்குச் சிறியனவாகத் தோன்றின. “ஒட்டகத்துக்கு ஆட்டுக்கால் வச்ச மாதிரி இருக்குண்ணே” என்றார். அன்று தொடங்கியது அந்த ஆராய்ச்சி.

அட்டைப்பெட்டிகளை வெட்டிப் பல அளவில் வட்டங்கள் செய்தார். ஒவ்வொன்றையும் காரின் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டு, எதிரில் நாற்காலி போட்டு அமர்ந்து நோக்குவார். தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று கருத்துச் சொல்லியாக வேண்டும். பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் பக்கத்துத் தெரு வழியாகப் போகத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான்.

தேநீர்க் கடையில் அவர் நிகழ்த்திய விரிவுரையால், எங்கள் தெருவில் டயர் எண்ணைப் படிக்கத் தெரியாதவர் எவருமில்லை. “இருநூத்தி இருபத்தஞ்சு, நாப்பது, பதினெட்டு” என்று குழந்தைக்குப் பெயர் சொல்லுவதுபோல் மெல்ல உச்சரிப்பார். “மொதல்ல உள்ளது டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. ரெண்டாவது ஒசரம், அகலத்துல நூத்துக்கு நாப்பது. மூணாவது வீலோட அளவு, அது இஞ்சுல. ஒரே டயருல மூணு கணக்கு பாத்தீங்களா? மூணு ஊருக்காரன் ஒரே சஹன்ல சாப்பிட உக்காந்த மாதிரி!” நாலு பேர் சுற்றி அமர்ந்து உண்ணும் விருந்துத் தட்டைத்தான் அங்கே சஹன் என்பார்கள்.

“வீல் பெருசாகப் பெருசாக டயரு மெலிஞ்சுக்கிட்டே போகணும்ணே. ரெண்டும் சேந்த ஒசரம் மாறக்கூடாது. மாறுச்சுன்னா மீட்டரு பொய் சொல்லும், மேல போயி ஒரசும்.”

“அதுக்குப் பழைய வீலே இருந்துட்டுப் போகட்டுமே காக்கா?”

“அண்ணே, நீங்க மீசைய எதுக்கு முறுக்குறீங்க? அது அப்படியே இருந்துட்டுப் போகக்கூடாதா?”

நான் மீசையைத் தடவிக்கொண்டே தேநீருக்குக் காசு கொடுத்தேன்.

கடைசியில் பத்தொன்பதா, பதினெட்டா என்ற இடத்தில் வந்து நின்றார். பத்தொன்பதில் அழகு இருந்தது. வேகத்தடைகளோ நம் ஊரில் இருந்தன. மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு பதினெட்டுக்கு இறங்கிவந்தார். அந்தத் தியாகத்துக்கு ஈடாக, சக்கரம் உள்ளே ஒடுங்கி நில்லாமல், மட்கார்டின் விளிம்புக்கு நேராக வெளியே தள்ளி நிற்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மதுரையிலிருந்து கறுப்பு அலாய் வீல்கள் வந்து சேர்ந்தன. முனியம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, “என்ன காக்கா, வடையவிட ஓட்டை பெருசா இருக்கு?” என்றாள்.

வெளியே தள்ளி நிற்கும் டயர் மட்கார்டில் இடிக்கிறதா என்று பார்க்க ஒரு முறை உண்டு. மட்கார்டின் உட்புறத்தில் களிமண் ஒட்டி, வண்டியை ஓட்டிப் பார்த்து, எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று அளப்பார்கள். காக்கா களிமண்ணுக்குப் பதில் மனைவியின் இடியாப்ப மாவை எடுத்துக்கொண்டார். ஓட்டிப் பார்த்துவிட்டு, அளவுகோல் எடுக்க வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது தெருவின் வெள்ளாடு ஒன்று மட்கார்டுக்குள் தலையை விட்டிருந்தது. மாவைக் காணவில்லை.

“மாஷா அல்லாஹ்! எவ்வளவு எடம் இருக்கு பாருங்க, ஆட்டுத் தலையே போகுது” என்று அவர் மகிழ்ந்தார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். “அண்ணே, இந்த மனுசன் கிட்ட கேளுங்க. ராத்திரி இடியாப்பத்த ஆடு புழியுமா, டயரு புழியுமா?”

இந்த நிலையில்தான் ரிஸ்வானாவின் திருமணம் உறுதியாயிற்று. மாப்பிள்ளை அதே ஊரில் கடலோரத் தெரு. அவர் தந்தை கருவாட்டு வியாபாரி. ஏணி வைத்து ஏறவேண்டிய உயரமான ஜீப் ஒன்று வைத்திருப்பவர். எங்கள் பகுதியில் அவர்களுடைய வழக்கப்படி, மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வாழ வருவார். ஆகவே அவர் ஊர்வலமாக வந்து பெண்வீட்டு வாசலில் இறங்கும் நேரம் பெருமைக்குரிய நேரம். நிச்சயத்தன்று சம்பந்தி அந்த மஞ்சள் காரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “சம்பந்தி, இதுல ஏறுறதா, இல்ல கால்ல மாட்டுறதா?” என்று கேட்டுவிட்டார்.

சபை சிரித்தது. காக்கா எழுந்து நின்றார்.

“மாப்பிள என் கார்லதான் வந்து என் வாசல்ல எறங்கும். எறங்கலேன்னா, அன்னைக்கே இந்தக் காரை ஒங்க கருவாட்டு யாவாரத்துக்குக் குடுத்துர்றேன்.”

“ரைட்டு. கூடை வைக்க எடம் இருக்கான்னு இப்பவே பாத்துக்கிறேன்” என்றார் சம்பந்தி.

அதற்கடுத்த வாரம், ஒரு முற்பகலில், வாலிநோக்கம் சாலையில் நான் பணிபுரிந்த எடைமேடைக்குக் காக்கா வந்தார். உப்பு லாரிகள் வரிசையில் நிற்க, இரண்டு லாரிகளுக்கு நடுவில் அந்த மஞ்சள் கார் பூனைக்குட்டிபோல் நின்றது. பின்னாலிருந்த லாரிக்காரர், “ஏலே, அத எதுக்கு மேடையில ஏத்துறீங்க? கையில தூக்கிப் பாத்துச் சொல்லுங்க!” என்று கூவினார்.

எடைமேடைக்கு ஒரு முறை உண்டு. முதலில் காலி எடை. பிறகு பாரத்தோடு எடை. காலி எடை போட்டு முடித்ததும், காக்கா மர நிழலில் நின்ற மகளைக் கூப்பிட்டார். “வாம்மா, ஏறு.” அவள் ஏறினாள். இவரும் ஸ்டியரிங்கைப் பிடித்து அமர்ந்தார்.

“போடுங்கண்ணே. இதான் என் லோடு.”

எடை போட்டேன். காக்கா இறங்கிவந்து என்னைக் குனியச் சொல்லி, டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார். அவளை ஏற்றியிருந்தும் ஒரு விரல் தாராளமாகப் போயிற்று. அவர் முகத்தில் அப்படியொரு நிறைவு.

“காக்கா, மாப்பிள்ளை ஏறி ஒரு எடை போட்டுருவமா?”

“மாப்பிள என்ன, உப்பு மூட்டையா?”

திருமண நாள் காலையில் மாப்பிள்ளையைப் பார்த்தபோதுதான் என் கண் தானாக டயரின் பக்கம் போயிற்று. நல்ல பிள்ளை. ஆனால் உடற்பயிற்சிக் கூடத்தில் இரும்பைத் தூக்கித் தூக்கி, பாதி இரும்பைத் தம் உடம்பிலேயே சேர்த்துக்கொண்ட பிள்ளை. அவர் ஏறினார், கார் பெருமூச்சு விட்டது. மாப்பிள்ளையை வாசல் சேரும்வரை பிரியக்கூடாதென்று தோழர்கள் மூவர் பின்னிருக்கையில் ஒருவர்மேல் ஒருவராக நெருக்கியடித்து அமர்ந்தனர். மாப்பிள்ளையின் தாயார் பேரீச்சம்பழப் பெட்டிகளையும் பித்தளைச் சஹன்களையும் டிக்கியில் அடுக்கினார். காக்கா ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பிஸ்மி சொல்லிப் புறப்பட்டார்.

முதல் வேகத்தடை. ‘கர்ர்ர்ர்ர்’ என்று ஓர் ஓசை.

ஸ்போர்ட்ஸ் காரின் ஓசை அப்படித்தான் போலும் என்றெண்ணி மக்கள் கைதட்டினர். இரண்டாம் வேகத்தடையில் ரப்பர் தீய்ந்த வாடை வந்தது. ஜீப்பின் உயரத்திலிருந்து சம்பந்தி குனிந்து கேட்டார்: “என்ன சம்பந்தி, பொண்ணு அழுவாமக் காரு அழுவுது?”

காக்கா இறங்கிக் குனிந்து பார்த்தார். விரலன்று, நகம்கூடப் போகாது. மட்கார்டின் விளிம்பு டயரைச் சீவிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு தடைகள் தாண்டினால் டயர் வெடித்துவிடும். தாண்டாவிட்டால் கார் கருவாட்டுக்குப் போய்விடும். அங்கே பெண்வீட்டில் திருமண ஒப்பந்தமாகிய நிக்காஹ்வை நடத்திவைக்க ஆலிம்சா காத்திருந்தார்.

“டிக்கியில உள்ளத எறக்கி ஜீப்புல ஏத்துங்க” என்றார். ஏற்றினார்கள். அடுத்த தடையில் மீண்டும் கர்ர்ர்.

“தோழனெல்லாம் எறங்குங்க.”

“அதெப்படி மாமா, மாப்பிளய விட்டுட்டு நாங்க எறங்குனா வழக்கமா?”

“எறங்கி ரெண்டு பக்கமும் ஒட்டியே நடங்கப்பா, பிரிஞ்சதா ஆகாது!”

இறங்கி நடந்தார்கள். இன்னும் ஒரு தடை. ஓசை சற்று மெலிந்தது, ஆனால் நிற்கவில்லை. இப்போது காருக்குள் இருவர்தாம் இருந்தனர். பாட்டுப் பாடிவந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். சம்பந்தி ஜீப்பை நிறுத்தச் சொல்லி, டயரை எட்டிப் பார்த்தார்.

அந்தக் காரின் ஸ்டியரிங்கை அதுவரை வேறொருவர் தொட்டதில்லை. மெக்கானிக் தொடவேண்டுமென்றால்கூட இவரும் அதை ஒரு கையால் பிடித்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் கதவைத் திறந்து இறங்கி நின்றார்.

“மாப்பிள, இங்கன வந்து உக்காருங்க.”

“மாமா, நீங்க?”

“நான் முன்னாடி நடந்து வழி காட்டுறேன். நீங்க நான் கை தூக்குற எடத்துல மட்டும் மெதுவா வாங்க.”

வாசலில் சாவியை நீட்டிவிட்டு விலகி நிற்பதில் பல்லாண்டுப் பழக்கமுள்ள மனிதர். ஆனால் இம்முறை அவர் விலகி நிற்கவில்லை. ஒவ்வொரு தடை வரும்போதும் கையை உயர்த்தி, டயரைப் பார்த்துப் பின்னோக்கியே நடந்தார். பாட்டு மீண்டும் தொடங்கியது. தோழர்கள் காரின் இருபுறமும் நடந்தனர். ஓசையே இல்லாமல் மஞ்சள் கார் வந்து வாசலில் நின்றது. மாப்பிள்ளை இறங்கினார். பேரீச்சம்பழப் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து சம்பந்தியும் இறங்கிவந்து காக்காவின் கையைப் பற்றிக்கொண்டார்.

“கருவாடு என் ஜீப்புலயே இருந்துக்கிறட்டும் சம்பந்தி.”

மறுநாள் காலை, காக்காவும் ரிஸ்வானாவும் அந்தக் காரில் கடற்கரை வரை போய்வந்தார்கள். புதுமாப்பிள்ளை என் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். நேற்று அலறிய அதே தடைகளை அந்தக் கார் இன்று பஞ்சின்மேல் போவதுபோல் கடந்தது.

இப்போது ரிஸ்வானா கணவரோடு வெளிநாட்டில் இருக்கிறாள். காரின் பழைய சக்கரங்கள் காக்காவின் கூடத்தில் மேலே கண்ணாடி வைத்து டீப்பாயாக நிற்கின்றன. “அதையே திரும்ப மாட்டினா நாலு பேரு போகலாமே காக்கா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“போகலாம்ணே. நாலு பேரு போறதுக்கு ஊர்ல எத்தனையோ வண்டி இருக்கு” என்றார்.

ஆண்டு முழுதும் அந்தக் கார் தார்ப்பாய்க்குள் உறங்குகிறது. மகள் விடுமுறைக்கு வரும் வாரத்தில் மட்டும், விடிந்ததும் எதிர்வீட்டில் டயருக்குக் காற்றடிக்கும் ஓசை கேட்கும். அது கேட்டால் நானும் என் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவைப்பேன்.

இந்த வரலாற்றைத் தாங்கள் எறிந்துவிடாமல் எடுத்துவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.