பசியாறியாரும் நான் வைத்த ரசமும்

தாம் சாப்பிட்டுப் பிறர் உயிரைக் காப்பாற்றிய மனிதர் இவ்வுலகில் ஒருவர்தாம் இருந்திருக்க முடியும். அவர் மலாக்காவில் வாழ்ந்தார். நகராட்சியின் சாலை உருளையை ஓட்டினார். அவர் காப்பாற்றிய உயிர் என் மனைவியுடையது.

இவ்வளவு பெரிய செய்தியைச் சொல்லத் துணிந்தவன் சான்றில்லாத எதையும் சொல்லக் கூடாது. அவரைப் பற்றி ஊரில் வழங்கும் கதைகளில் முக்கால் பங்கு பொய். தெங்கேராக் கரையில் ஒரு படகு மீனை ஒரே அமர்வில் தீர்த்தார் என்பது பொய். புக்கிட் ரம்பாயில் ஒரு திருமண வீட்டையே காலி செய்தார் என்பதில் வீடு மட்டும் மெய். ஆகவே என் கண்ணால் கண்டதையும், ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரே விதமாகச் சொன்னதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். ஜப்பானியர் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டு, எலும்பும் தோலுமாகத் திரும்பியவர் அவர் என்பார்கள். நான் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை. எனவே அச்செய்தி இக்கட்டுரையில் இடம்பெறவில்லை.

நகராட்சிப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அங்கே எழுத்தராக, அதாவது ஊரார் வாயில் ‘கிராணி’யாக, இருந்த எனக்கு அது தெரியும். ஆனால் அப்பெயரைச் சொல்லி அழைத்தால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஊர் அவருக்கு இட்ட பெயர் பசியாறியார்.

மலாயாத் தமிழர் ஒருவரையொருவர் கண்டால் வணக்கத்துக்கு முன்பே “பசியாறியாச்சா?” என்று கேட்பது வழக்கம். காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்கு அடுத்திருந்த மலாக்காச் செட்டிகளின் கம்பத்தை, அதாவது குடியிருப்பை, சேர்ந்த நியோன்யா அம்மாளும் வேலிக்கு மேலே தலையை நீட்டி, மலாயில் “சுடா மாக்கான்?” என்று இதையேதான் கேட்பாள். சீனக் காப்பிக் கடைக்காரரும் தம் மொழியில் இதையே கேட்பார். இக்கேள்விக்கு எல்லா மொழிகளிலும் விடை ஒன்றுதான்: ஆயிற்று. பட்டினி கிடப்பவனும் ஆயிற்று என்றே சொல்வான். கேட்டவர் அதற்குள் பத்தடி தாண்டிப் போயிருப்பார்.

கேட்டுவிட்டு நின்றவர் பசியாறியார் ஒருவரே. தாம் நின்றதோடன்றி, பல டன் எடையுள்ள உருளையையும் நடுச்சாலையில் நிறுத்திக்கொண்டு நின்றார்.

சாலைக் கூலிகளை மேய்க்கும் மண்டோரிடம் அவர் ஒரு நாள் நலம் விசாரித்ததை அலுவலகச் சன்னலிலிருந்து நானே கேட்டேன்.

“என்னா மண்டோர், பசியாறியாச்சா?”

“ஆச்சுண்ணே, ஆச்சு. இஞ்சின எடுங்க.”

“என்னா சாப்ட்ட?”

“தோசை.”

“தொட்டுக்க?”

“சட்னிதான்.”

“தேங்காயா, தக்காளியா?”

“ஐயோ, தேங்காய்லா! பின்னால லாரி நிக்கிது பாருங்க!”

“பச்ச மிளகாயா, வறமிளகாயா? அத மட்டும் சொல்லு, போயிர்றேன்.”

பின்னால் நின்ற லாரிக்காரர் ஊதுகுழலை அழுத்திய கையை எடுக்கவில்லை. மண்டோர் வறமிளகாய் என்று சொல்லி முடித்தபோது உருளை நகர்ந்தது, மண்டோர் நகரவில்லை. சற்று யோசித்தார். பிறகு எதிரிலிருந்த கடைக்குள் நுழைந்து இன்னும் இரண்டு தோசை கேட்டார்.

அவருடைய திறமை இதுதான். அவர் சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் கேட்பவருக்குப் பசிக்கும்; சாப்பிட்டால் பார்ப்பவருக்குப் பசிக்கும். அவர் பெருந்தீனிக்காரர் அல்லர். சோற்றை விரல் நுனியால் பிசைவார். முதல் கவளத்தை வாயில் இட்டதும் கண்ணை மூடித் தலையை மெல்ல அசைப்பார், நெடுநாள் காணாத உறவினரை ரயிலடியில் அடையாளம் கண்டுகொண்டவர் போல. அதன்பின் அவரை யாரும் கூப்பிட்டுப் பயனில்லை.

ஒருவேளைக்கு அவர் உண்ணும் அளவு எவ்வளவு என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவ விரும்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிப்பேட்டுடன் பண்டார் ஹிலிரில் உள்ள காக்கா கடைக்குச் சென்று எதிரே அமர்ந்தேன். கடைக்கார இராவுத்தரை ஊரே காக்கா என்றுதான் அழைக்கும். நான்காம் பரோட்டா வரை என் குறிப்பு தெளிவாக உள்ளது. ஐந்தாம் பக்கத்தில் மீன் குழம்புக் கறை மட்டுமே காணப்படுகிறது. தலை நிமிர்ந்தபோது என் முன்னாலும் ஒரு தட்டு இருந்தது; அதுவும் காலி.

“கிராணி, ஒங்களோடதையும் அந்த நோட்டுல எழுதிட்டீங்களா?” என்றார் காக்கா.

பசியாறியார் உண்ணும் அளவை நேரில் கண்ட சான்று எவரிடமும் இல்லாமற்போனதற்குக் காரணம் இதுவே. கண்டவர் எல்லாரும் உண்டுகொண்டிருந்தார்கள்.

காக்கா பெரிய வணிகர். தெருவைப் பார்த்த முதல் மேசையைப் பசியாறியாருக்கென்றே ஒதுக்கியிருந்தார். திருமண வீட்டாரோ அஞ்சினார்கள். பந்தியில் அவருக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் மூன்றாம் முறை சோறு கேட்பதைக் கண்ட ஒரு சமையல்காரர், அடுத்த திருமணத்தில் அவரைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார். அவர் பாயசம் குடித்த ஓசைக்கே பாயசம் தீர்ந்துபோயிற்று. சஷ்டி விரதம் இருப்போர் அந்த ஆறு நாளும் உருளை போகும் சாலையை விட்டு வேறு சாலையில் நடந்தார்கள்.

அரசாங்கத்துக்கும் ஒரு குறை இருந்தது. மலாக்காவில் சாப்பாட்டுக் கடைகளின் முன்னே உள்ள சாலை மட்டும் கண்ணாடி போல் இருந்தது. மற்ற இடங்களில் குழிகள் தத்தம் நிலையில் நீடித்தன. இதை விசாரிக்க இஞ்சினியர் துரையே ஒரு காலைப்பொழுது நேரில் போனார். பசியாறியார் அப்போது ஒரு மலாய்க்காரப் பெண்மணியின் கடையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை, மிளகாய்ச் சம்பல் மணக்கப் பிரித்துக்கொண்டிருந்தார். துரை திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தது. அதில் முடிவு எதுவும் எழுதப்படவில்லை. சம்பல் வாசனை மட்டும் பல நாள் இருந்தது.

இனி என் வீட்டுச் செய்தி.

நாடு சுதந்திரம் பெறவிருந்த நாள்கள் அவை. ஊரெங்கும் தோரணம். மெர்டேக்கா என்னும் சுதந்திர ஊர்வலம் போகும் சாலையைச் சமப்படுத்த உருளை ஓயாமல் ஓடிற்று. எங்களுக்குப் பிறந்த பெண் குழந்தை மூன்றாம் நாள் இறந்துபோயிற்று. என் மனைவி சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

கம்பத்துப் பெண்கள் நல்லவர்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு என்று ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய அக்கா பூண்டுக் குழம்பு கொண்டுவந்து, நியோன்யாவின் மீன் ஆகாது என்றாள். நியோன்யா மீனும் மருந்துக் கஞ்சியும் கொண்டுவந்து, பூண்டுக் குழம்பு சூடு என்றாள். முருங்கைக்கீரை கூடும் என்றார் ஒருவர். கூடவே கூடாது என்றார் இன்னொருவர். இவர்கள் விலக்கியவற்றையெல்லாம் விலக்கினால் எஞ்சுவது ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைத்தான் என் மனைவி உண்டாள். ஒன்பது நாளில் நாலு மடக்குக் கஞ்சித் தண்ணீர் இறங்கியிருந்தால் அதிகம்.

கொண்டுவந்தவர்களில் ஒருவரும் எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. பிறப்புத் தீட்டும் இறப்புத் தீட்டும் சேர்ந்த வீட்டில் கை நனைக்கும் வழக்கம் இல்லை. வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஒன்பதாம் நாள் காலை, மருத்துவமனை டிரஸர் வந்து நாடி பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்தார்.

“ஒடம்புல ஒண்ணுமில்ல கிராணி. மனசுதான் வேணாங்குது. இப்படியே இன்னும் ரெண்டு நாள் போச்சுன்னா என் கையில இல்ல.”

அன்று நகராட்சித் திடலில் ஊழியர் அனைவருக்கும் சுதந்திர விருந்து. நான் போகவில்லை. ரசம் வைத்தேன். அது என் முதல் ரசம். அவள் வாயருகே கொண்டுபோனேன். அவள் தலையைத் திருப்பவில்லை. செய்வதறியாமல் சாலை முனையில் வந்து நின்றேன். உருளை வந்துகொண்டிருந்தது.

“என்னா கிராணி, பசியாறியாச்சா?”

கோப்பில் பொய் எழுதியறியாத நான், இந்த ஒரு கேள்விக்கு மட்டும் வாழ்நாள் முழுதும் பொய் சொல்லி வந்தவன். அன்று அது வாயில் வரவில்லை.

“இல்லண்ணே.”

உருளை நின்றது.

“வீட்ல?”

“அவ சாப்ட்டு ஒம்பது நாளாச்சு.”

அவர் உருளையிலிருந்து இறங்கினார். “என்னா சமைச்ச?” என்றார்.

“ரசம். நானே வச்சேன்.”

“வா.”

“அண்ணே, தீட்டு வீடு…”

“வயித்துக்கு ஏதுலா தீட்டு? எலய போடு.”

அந்த ரசத்தைப் பற்றியும் உண்மையே சொல்ல வேண்டும். புளி கரையாமல் கட்டியாகக் கிடந்தது. மிளகை இடிக்காமல் முழுதாகப் போட்டிருந்தேன். உப்பிட்டது இருமுறையா மும்முறையா என்பதில் இன்றுவரை ஐயம் உண்டு. பசியாறியார் அறை வாசலில், என் மனைவியின் முதுகுக்கு நேரே சம்மணமிட்டு அமர்ந்தார். சோற்றைப் பிசைந்தார். முதல் கவளத்தை இட்டார். கண்ணை மூடினார். ரயிலடியில் உறவினர் வந்துவிட்டார்.

ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சினார். அந்த ஓசை அறைக்குள் போயிற்று.

“கிராணி, இன்னொரு கரண்டி.”

என் சமையலை இரண்டாம் முறை கேட்டவர் அதற்கு முன்னும் பின்னும் இல்லை. ஊற்றினேன். மீண்டும் அந்த ஓசை. “இன்னொன்னு ஊத்து” என்று அவர் மூன்றாம் முறை கையை நீட்டியபோது, என் மனைவி திரும்பிப் படுத்திருந்தாள். இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே,” என்றாள். ஒன்பது நாளாகக் கேட்காத குரல். “நல்லாவா இருக்கு?”

“ஏன் தங்கச்சி? ஒன் வீட்டுக்காரர் வச்சதுதான.”

“அதனாலதான் கேக்குறேன்.”

முழங்கையை ஊன்றி எழுந்து, என்னைப் பார்த்து உள்ளங்கையை நீட்டினாள். ஒரு சொட்டு விட்டேன். நாவில் வைத்தாள்.

“அடப்பாவி மனுசா! இதையா அவருக்கு ஊத்துன? நீ போட்டது பெருங்காயமில்ல, சாம்பிராணி!”

“அதான பாத்தேன்,” என்றார் பசியாறியார், கையை வழித்தபடி. “கோயிலுக்குள்ள ஒக்காந்து சாப்ட்ட மாதிரியே இருந்திச்சு.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். என்னை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டுப் புளி கரைத்தாள். மிளகு இடித்தபோது அழுதாள்; மிளகு காரம் என்றாள். நாங்கள் இருவரும் மறுக்கவில்லை. ரசம் கொதித்து இறங்கியது. அவள் பரிமாற வந்தபோது அவர் கையை இலைக்குக் குறுக்கே வைத்தார்.

“நீயும் ஒக்காரு தங்கச்சி. தனியா சாப்ட எனக்கு வராது.”

ஊரிலுள்ள கடைகளிலெல்லாம் தனியாகச் சாப்பிட்டவர் அவர்.

அவள் உட்கார்ந்தாள். அன்று நான் சாப்பிடவில்லை. ஆதலால் அவள் ஐந்து கவளம் உண்டாள் என்பதை உறுதியாகச் சொல்வேன். என் வாழ்நாளில் நான் தவறாமல் எண்ணி முடித்தது அது ஒன்றே.

அதற்குள் மண்டோர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“அண்ணே! ஊர்வல ரோடு பாதியில கெடக்கு, இஞ்சின இங்கக் கொண்டாந்து போட்டுட்டு என்னா பண்றீங்க?”

“பசியாறியாச்சா மண்டோர்?”

“ஆச்சு… என்னா ரசம் இது? மிளகா?”

மண்டோரும் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் நியோன்யா வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்து, எதுவும் கேட்காமல் தன் தட்டோடு உள்ளே வந்தாள். தீட்டு எப்போது கழிந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை. ஊர்வலத்தன்று அலங்கார லாரிகள் ஒரே இடத்தில் வரிசையாகக் குலுங்கின. வாழை மரங்களும் கொடிகளும் காகித யானையும் அங்கே எழும்பி அமர்ந்தன. சாலை சரியில்லை என்று எல்லாரும் நகராட்சியைத் திட்டினார்கள். காரணம் அறிந்த நகராட்சி எழுத்தன் ஒருவன் கூட்டத்தில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தான்.

அதன்பின் வாரத்துக்கு இருமுறையாவது அவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். எங்கள் வீட்டு முன்னிருந்த செம்மண் பாதை எந்தத் திட்டத்திலும் இல்லாதது. அதற்கு ஆணை எதுவும் என் மேசையைக் கடந்து போனதில்லை. ஆயினும் ஓராண்டுக்குள் அது தட்டைப் போலச் சமமாகிவிட்டது. எங்கள் இரண்டாம் மகள் நடை பழகியது அதன்மேல்தான்.

ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. அன்று பசியாறியார் என் வீட்டுக்கு வருவதற்குச் சற்று முன்தான் நகராட்சித் திடல் விருந்தில் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தார். அங்கே சமைத்த காக்காவும், பந்தியில் பசியாறியாருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த தெங்கேராத் தண்ணீர்க் குழாய்க்காரரும் இதைத் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள். இருவரும் ஒருவரையொருவர் அறியார். என் மனைவியும் நானும் இதைப் பலமுறை பேசியிருக்கிறோம். இனிக் கேட்டறிய அவர் இல்லை. அந்தச் சாம்பிராணி ரசத்தை மூன்று முறை கேட்டு வாங்கியபோது அவருக்குப் பசித்ததா என்பது எங்களுக்குத் தெரியாது.