கயிறு கட்டிய மொழிபெயர்ப்பாளர்

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று மனமார நம்பியவர்கள் மொத்தம் இரண்டே பேர். ஒருவர் என் மாமனார். அந்த நம்பிக்கையில்தான் பெண்ணைக் கொடுத்தார். இன்னொருவன் நான். மாமனாருக்குச் சீக்கிரமே தெளிந்துவிட்டது. எனக்குத் தெளிவதற்கு, ஊரே கூடிய ஒரு பந்தல் தேவைப்பட்டது.

முப்பதுகளின் நடுவில் நடந்த கதை. காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் இங்கிலீஷ் வாத்தியார். பெயருக்குப் பின்னால் ‘பி.ஏ.’ என்று போட்டுக்கொள்வேன். (அந்தப் பரீட்சையை இரண்டு தடவை எழுதினேன் என்பது உண்மை. இரண்டு தடவை ஏன் எழுத வேண்டி வந்தது என்று யாரும் கேட்டதில்லை.)

அந்த நாளில் ஊரில் ஒரு விசித்திரமான ஜோடி உண்டு. ஒருவர் சைவப் புலவர். நெற்றி நிறையத் திருநீறு, உருக்கமான குரல். மற்றவர் பள்ளிவாசல் ஆலிம்சா. வெள்ளைத் தலைப்பாகை, எதற்கும் பதறாத முகம். சாயந்தரமானால் இரண்டு பேரும் ஒன்றாகத் தெருத்தெருவாகப் போவார்கள். ஊருணியில் எல்லாச் சாதிக்காரரையும் தண்ணீர் எடுக்க விடவேண்டும் என்று வீடு வீடாகக் கேட்பார்கள். சேரிச் சனங்கள் கரைக்கு எட்டவே நின்று, யாராவது மனசு வைத்து ஊற்றினால்தான் தண்ணீர் என்று இருந்த காலம். இப்படிக் கேட்டதற்காகப் புலவருக்குக் கோயில் சொற்பொழிவு நின்றுபோனது. ஆலிம்சாவுக்கு அவர் ஆட்களிடமே பேச்சு கிடைத்தது. “இது நமக்கு எதுக்கு?” என்பார்களாம். “தண்ணி நமக்கு எதுக்கோ, அதுக்குத்தான்” என்பாராம்.

மதுரைக்கு ஓர் அமெரிக்கப் பாதிரியார் வந்திருக்கிறார் என்று இவர்களுக்குச் சேதி கிடைத்தது. கறுப்பினத்தவர். அவருடைய நாட்டில் அவருடைய சனங்கள் வெள்ளைக்காரரோடு ஒரே ரயில் பெட்டியில் உட்கார முடியாது, ஒரே குழாயில் தண்ணீர் குடிக்க முடியாது. அதை எதிர்த்துப் பேசுகிறவர், நன்றாகப் படித்தவர். புலவரும் ஆலிம்சாவும் கடிதம் எழுதி அவரைக் காரைக்குடிக்கு வரவழைத்துவிட்டார்கள். மொழிபெயர்ப்பதாக இருந்த தேவகோட்டைப் போதகர் கடைசி நேரத்தில் மலேரியாவில் படுத்துவிட்டார்.

ஆலிம்சாதான் முதலில் சொன்னார். “நம்ம ஞானமுத்து வாத்தியாரு இருக்காகள்ல? ரங்கூன்ல அத்தனை வருசம் இருந்தவுக. நல்லா இங்கிலீசு பேசுவாக.”

ஞானமுத்து, சேரிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தவர். அந்தத் தெருவிலேயே பிறந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் நான் அவரை “ஏப்பா ஞானமுத்து” என்றுதான் கூப்பிடுவேன். அதில் ஏதும் தப்பு இருப்பதாக எனக்கு அன்றுவரை தோன்றியதில்லை.

“ஆலிம்சா, மேடையில ஒரு பட்டதாரி நின்னாத்தானே சபைக்கு மரியாதை?” என்றேன், தொண்டையைச் செருமிக்கொண்டு. வேலை எனக்கு வந்தது. வரவேற்புக் குழுச் செயலாளர் பதவியையும் நானே எடுத்துக்கொண்டேன்.

ஊரில் செக்காலைப் பகுதியில் பந்தல். இடமும் பந்தலும் எங்கள் அரிசி மில் முதலாளி உபயம். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கும் அவர்தான் நிர்வாகி. கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் கூப்பிட்டு அனுப்பினார்.

“தம்பி, சமத்துவம் பேசுறதுக்கு நமக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை. நல்லாப் பேசட்டும். உக்காரும்போது மட்டும் பாத்துக்கிருங்க.”

“எப்படிங்க?”

“ஒரு கயிறு கட்டிருங்க. அந்தச் சனம் கயித்துக்கு அங்குட்டு நிக்கட்டும்.”

சமத்துவ மாநாட்டில் கயிறா என்று கேட்டிருக்க வேண்டும். “சரிங்க” என்றேன். கயிறு தேடி அலையவும் இல்லை. பந்தலுக்குள் மேலே வெள்ளைத் துணியில் விதானம் கட்டியிருந்தார்கள். அதை இழுத்துக் கட்டிய கயிற்றின் மிச்சம் பின்வரிசைத் தூணில் சுருட்டிக் கிடந்தது. அதையே குறுக்கே இழுத்து எதிர்த்தூணில் கட்டிவிட்டேன். “இது எதுக்குத் தம்பி?” என்று கேட்ட புலவரிடம், “கூட்டம் நெருக்கிரக் கூடாதுல்லங்க” என்றேன். அவர் அதை நம்பினார். நல்ல மனுசர்.

மறுநாள் சாயந்தரம் நான் கோட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். சித்திரை மாதம். என் மனைவி தெய்வானை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏங்க, வெந்துருவீக.”

“அமெரிக்காக்காரர் வர்றாரு.”

“அவுகளும் வெந்துருவாக” என்றாள்.

பாதிரியார் உயரமானவர். மெல்லிய வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார். என் கோட்டைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஓர் இரக்கம் வந்தது. மேடையில் புலவர் ஒரு பக்கம், ஆலிம்சா ஒரு பக்கம், முன்வரிசை நாற்காலிகளில் மில் முதலாளியும் ஊர்ப் பெரிய மனுசர்களும், பக்கவாட்டில் பெண்கள், அதில் தெய்வானை, கடைசியில் கயிறு. கயிற்றுக்கு அப்பால் நெருக்கியடித்துக்கொண்டு சனம் நின்றது. அவர்களுக்கு முன்னால் ஞானமுத்து.

பாதிரியார் பேச ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்கு ஓர் உண்மை புரிந்தது. நான் படித்தது புத்தகத்தில் இருக்கிற இங்கிலீஷ். அது அசையாமல் நிற்கும். விரலை வைத்து நிதானமாகப் படிக்கலாம். அவர் பேசியதோ ஓடியது, வளைந்தது, மூக்கு வழியாகப் போய்த் தொண்டை வழியாகத் திரும்பி வந்தது. பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பிடிபட்டது. அதை வைத்துக்கொண்டு மிச்சத்தை நானே கட்டினேன்.

“மை ஃபாதர்” என்றார். தகப்பனார். பிடித்துவிட்டேன். அடுத்து ‘சோல்ட்’ என்று ஏதோ வந்தது. அதற்கடுத்து ‘ட்வைஸ்’, இரண்டு தடவை. அவர் முகம் இறுகியிருந்தது, தலை நிமிர்ந்திருந்தது. எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. சோல்ஜர்!

“மகாஜனங்களே! இவருடைய தகப்பனார் பட்டாளத்துக்காரர்! ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை பட்டாளத்தில் சேர்ந்தவர்!”

பந்தல் கைதட்டலில் அதிர்ந்தது. முன்வரிசையில் மில் முதலாளி எழுந்து நின்றே தட்டினார்.

பாதிரியார் திகைத்துப்போய்ச் சபையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் அவருக்குத் தைரியம் சொல்வதுபோலத் தலையாட்டினேன்.

(அவர் சொன்னது இது: “என் தகப்பனார் அடிமையாகப் பிறந்தவர். சந்தையில் இரண்டு முறை விற்கப்பட்டவர்.”)

பின்னாலிருந்து யாரோ இருமினார்கள். ஞானமுத்துதான். நான் கண்டுகொள்ளவில்லை.

பாதிரியாரின் கண்கள் முன்வரிசையிலிருந்து மெல்லப் போய்க் கயிற்றில் நின்றன. என் பக்கம் திரும்பி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டார்: அந்தக் கயிற்றுக்கு அப்பால் நிற்பவர்கள் யார்? அவர்களுக்கு ஏன் நாற்காலி இல்லை? அந்தக் கயிற்றைக் கட்டியது யார்?

அன்றைய கூட்டத்திலேயே எனக்கு முழுசாகப் புரிந்தது அது ஒன்றுதான். புரியாமல் போயிருக்கலாம். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் சம்பளம், என் குடித்தனம், என் பி.ஏ. எல்லாம் அந்தப் பார்வையில் தொங்கின. கோட்டுக்குள் ஓர் ஆறு ஓடியது.

“காரைக்குடிப் பந்தல் பிரமாதமாக இருக்கிறது என்கிறார்” என்றேன். “முக்கியமாக, பின்னால் கயிறு கட்டியிருக்கிற ஒழுங்கை ரொம்பவும் பாராட்டுகிறார்!”

“அய்யா.”

கயிற்றுக்கு அப்பாலிருந்து குரல். சத்தம் போடவில்லை, ஆனால் பந்தல் முழுக்கக் கேட்டது.

“அவுக அப்படிச் சொல்லலீங்க” என்றார் ஞானமுத்து. “இந்தச் சனத்துக்கு ஏன் நாற்காலி இல்லைன்னு கேக்குறாக. கயித்தை யாரு கட்டுனதுன்னும் கேக்குறாக.”

அப்புறம் பாதிரியாரைப் பார்த்து இங்கிலீஷில் இரண்டு வாக்கியம் சொன்னார். தண்ணீர் மாதிரி வந்தது. பாதிரியார் முகம் மலர்ந்ததை நான் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

புலவர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, கூட்டம் நெருக்கக் கூடாதுன்னுதானே கயிறு கட்டுனதாச் சொன்னீக?”

நான் வாயைத் திறந்தேன். எந்த மொழியும் வரவில்லை.

பாதிரியார் மேடையை விட்டு இறங்கினார். நாற்காலிகளுக்கு நடுவே நடந்துபோய், நீண்ட காலைத் தூக்கிக் கயிற்றைத் தாண்டி, ஞானமுத்துவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். புலவர் திருநீற்றுப் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். ஆலிம்சா ஒரு கையில் செருப்பைப் பிடித்தபடி, குனிந்து கயிற்றுக்கு அடியில் நுழைந்தார். பேச்சு அங்கிருந்து தொடர்ந்தது. கேட்க வந்தவர்கள் என்ன செய்வார்கள்? நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். ஒரு நிமிஷத்தில் கடைசி வரிசை முதல் வரிசையாகிவிட்டது. ஊர்ப் பெரிய மனுசர்கள் எல்லோரும் கடைசி வரிசை. அவர்களுக்கும் பின்னால், யாரும் பார்க்காத ஒரு மேடையில், கோட்டுப் போட்டுக்கொண்டு நான்.

பாதிரியார் தகப்பனாரைப் பற்றி மறுபடியும் சொன்னார். ஞானமுத்து தமிழில் சொன்னார். “எங்கப்பாவை ஒரு மாட்டைப் போல ரெண்டு தடவை வித்தாக.” இந்தத் தடவை ஒருவரும் கை தட்டவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து தெய்வானை கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இன்றுவரை எனக்கு மொழிபெயர்ப்பு கிடைக்கவில்லை.

“தம்பி” என்று அங்கிருந்து புலவர் கூப்பிட்டார். “கட்டுனவுகளே வந்து அவுத்துருங்க.”

போனேன். மற்ற விஷயங்களில் எப்படியோ, முடிச்சு மட்டும் அசலாகப் போட்டிருந்தேன். அவிழவில்லை. வியர்வையில் விரல் வழுக்கியது. எல்லோரும் பார்க்கிறார்கள். பதற்றத்தில் எதிர்த்தூணுக்கு ஓடி, அங்கே இருந்த முடிச்சைப் பல்லாலேயே கடித்து இழுத்துவிட்டேன்.

அது விதானத்தின் முடிச்சு.

மேலே இருந்த வெள்ளைத் துணி முழுவதும் ஒரு பெருமூச்சோடு இறங்கி, மில் முதலாளியையும் மற்ற பெரியவர்களையும் நாற்காலியோடு சேர்த்து மூடிவிட்டது. உள்ளேயிருந்து விதவிதமான சத்தங்கள். முதலில் ஓடி வந்தவர்கள் கயிற்றுக்கு அப்பால் நின்ற சனம்தான். ஆளுக்கொரு பக்கம் துணியைத் தூக்கினார்கள். ஞானமுத்து கையை உள்ளே விட்டார். முதலாளி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். மூக்குக்கண்ணாடி எங்கோ விழுந்துவிட்டது. அது இல்லாமல் அவருக்கு எதுவும் தெரியாது. “நல்லா இருப்பே அப்பா, நல்லா இருப்பே” என்று அந்தக் கையை விடாமல் நின்றார். யாரோ கண்ணாடியைத் தேடிக் கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டார். பார்த்தார். விட்டுவிட்டார்.

பாதிரியார் கிளம்பும்போது நான் கார் பக்கத்தில் போய் நின்றேன். “என் தகப்பனார் விற்கப்பட்டதற்கு ஏன் கை தட்டினார்கள்?” என்று மெதுவாகக் கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“அவர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்” என்றார். “பட்டாளத்தில் சேர அவருக்கு ரொம்ப ஆசை. சேர்த்துக்கொள்ளவில்லை.”



மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது, இங்கிலீஷில். அதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியாமல் இல்லை. வேறு வேலை தேடித் தேவகோட்டை, பள்ளத்தூர் என்று அலைந்தேன். விதானக் கதை எனக்கு முன்னால் பஸ் ஏறிப் போயிருந்தது. கடைசியில் ஞானமுத்துதான் ஆளனுப்பினார். “எம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஆளு வேணும். கணக்குச் சொல்லித் தருவீகளா? இங்கிலீசு நான் பாத்துக்கிறேன்” என்றார். (கொள்கைக்காகப் போனேன் என்று பிற்காலத்தில் மேடைகளில் சொல்லியிருக்கிறேன். வேறு வேலை கிடைக்கவில்லை என்பதுதான் விஷயம்.) முதல் நாள் பழக்கதோஷத்தில் “ஏப்பா” என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, “ஹெட்மாஸ்டர் ஐயா” என்று முடித்தேன். பதினாறு வருஷம் அவரிடம் வேலை பார்த்தேன்.

ஊருணி அன்றைக்கே திறந்துவிடவில்லை. புலவரும் ஆலிம்சாவும் அதற்குப் பிறகும் எத்தனையோ காலைகள் அந்தப் படித்துறையில் போய் நின்றார்கள், வசவு வாங்கினார்கள், ஒருநாள் ஆலிம்சாவின் தலைப்பாகை தண்ணீரில் மிதந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நாங்களும் போனோம். கடைசியில் பிள்ளைகள் இறங்கிக் குடத்தை முக்கினார்கள். அன்றைக்கு யாரும் பேசவுமில்லை, யாரும் மொழிபெயர்க்கவுமில்லை.

எங்கள் வீட்டில்தான் இன்னும் முடியவில்லை. சம்பந்தி வீட்டில் என்ன சொன்னார்கள், டாக்டர் என்ன சொன்னார் என்று நான் எதைக் கொண்டுவந்து சொன்னாலும் தெய்வானை உடனே நம்பமாட்டாள். போன மாதம் கண் டாக்டரிடம் போய்வந்து, “ஒண்ணும் பயமில்லைன்னு சொல்லிட்டாரு” என்றேன். பேத்தி ஸ்லேட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். ஏழு வயசு. அந்தப் பந்தலைப் பார்த்தவளா என்ன?

“தாத்தா,” என்றாள், “இது டாக்டர் சொன்னதா, நீங்க சொல்றதா?”